ஆர்வில் ஃப்ளாரன்ஸ் கொடுத்த நன்கொடை

மில்லர்டன், இல்லினாய்
12 மே 1994

அன்புத் தங்கை ஆர்டித்துக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அரிசோனாக் காற்று உன் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா? தொலைபேசியில் கேட்கலாம் என்றால் பாதியை என் காது தின்றுவிடுகிறது, மீதிப் பாதிக்கு நான் எதையாவது உளறி வைக்கிறேன். அதனால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். நம் கிழட்டு நீதிபதி ஓய்வு வாங்கிக்கொண்டு போகிறார். ஆர்வில் வழக்கு ஜனவரியில்தான் எடுக்கப்படுமாம். அதற்கு முன்னால் நவம்பரில் தேர்தல். ஷெரீஃபுக்குப் போடுவதுபோல் நீதிபதிக்கும் நாம்தானே ஓட்டுப் போடுகிறோம்! நிற்பவன் யார் தெரியுமா? வக்கீல் ட்வைட் ஹாஸ்கின்ஸ். மெர்ல் ஸ்ட்ரூப்போடு ஒரே படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவன். என் வீட்டுக்காரரை விழுங்கிய சோளக் குதிர் ஸ்ட்ரூப்புடையது. அந்த வழக்கைக் கேட்கப் போகிறவன் ஸ்ட்ரூப்பின் தோழன். பாலுக்குப் பூனை காவல்.

கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று உனக்குச் சொன்னேனா? ஆர்வில் யாரிடமும் சொல்லாமல், இடுப்பில் கயிறு கட்டாமல், தானே குதிருக்குள் இறங்கினாராம். அடியில் தானியத்தை இழுக்கும் திருகு ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாதாம். நம் வீட்டுக் கூரையில் இலை வாரவே கயிறு கேட்கிற மனுஷர் அவர். உள்ளே இறங்கு, கட்டியை உடை, லாரி காத்திருக்கிறது என்று விரட்டியது யார் என்பது ஊருக்கே தெரியும். வாய்தான் யாருக்கும் இல்லை. நஷ்ட ஈடு வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை, ஆர்டித். ஆனால் முதலில் ஒரு நீதிபதி வாயைத் திறந்து, “இது ஆர்வில் கெச்சமின் தப்பு இல்லை” என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்காமல் இந்தக் கட்டையைப் புதைக்க விடமாட்டேன்.

உன் மகன் கேலன் சனிக்கிழமை தவறாமல் வந்து புல் வெட்டித் தருகிறான். அவன் ஸ்ட்ரூப் ஆபீசில் சம்பளக் கணக்குப் பார்க்கிறான் என்பதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. நீ ஷிகாகோவுக்கு வேலைக்குப் போனபோது அவனை எங்களிடம்தானே விட்டாய்? அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, நம் வேலியைச் சாய்த்ததற்கும் திட்டாமல் சிரித்தவர் ஆர்வில். அவன் மறக்கமாட்டான்.

அம்மாவின் இரும்புச் சட்டி உன்னிடம் சௌக்கியமா? 1957-ல் ஒரு வாரத்துக்கு என்று எடுத்துப் போனாய். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

கர்த்தர் உன் மூச்சைக் காக்கட்டும்.
உன் அக்கா வெர்னா


மேசா, அரிசோனா
2 ஜூன் 1994

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? எனக்கு மூச்சு பரவாயில்லை. இங்கே வெயில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

ஹாஸ்கின்ஸ் பற்றி எழுதியதைப் படித்து மனசு கனத்தது. அத்தான் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு நீதிபதி தேவையா என்று தோன்றினாலும், உனக்குத் தேவை என்று எனக்குத் தெரியும்.

கேலன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறான். முன்போல் சிரித்துப் பேசுவதில்லை. ரோண்டாவும் குழந்தைகளும் நலம் என்கிறான், அதோடு சரி. ஆபீஸ் விஷயம் எதையும் அவனிடம் கிளறாதே அக்கா. அவன் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் எலுமிச்சைச் சாறு கலந்து கொடு. உன் கையால் கொடுத்தால் குடிப்பான்.

சட்டி நன்றாக இருக்கிறது. சோள ரொட்டி அதில்தான் சுடுகிறேன்.

அன்புடன்,
ஆர்டித்


மில்லர்டன்
24 ஜூன் 1994

ஆர்டித்,

உன் மூச்சு சுகம் என்று படித்து நிம்மதி. சோள ரொட்டி பற்றிப் படித்து நிம்மதி இல்லை.

ஆர்வில் கல்லறைக்குப் போய்ப் பூச்செடி நட்டுவிட்டு வந்தேன். கல்லில் “ஆர்வில் எஃப். கெச்சம்” என்று வெட்டியிருப்பது இன்னும் தெளிவாக இருக்கிறது. எஃப். என்றால் ஃப்ராங்க் என்றே ஊர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். பெண் குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மாமியார் ஆத்திரத்தில் பையனுக்கு நடுப்பெயராக ஃப்ளாரன்ஸ் என்று வைத்துத் தொலைத்தது நம் குடும்பத்தோடு போகட்டும். பட்டாளத்தில்கூட அதை மறைத்துவிட்டு வந்த மனுஷர்.

இப்போது கேள். பக்கத்து வீட்டு வெண்டல், ஸ்ட்ரூப்பின் லாரிகளுக்குத் தானியம் ஏற்றுகிறவன், வேலியில் சாய்ந்துகொண்டு புலம்பினான். “எங்களுக்கு இந்த வருஷம் அறுவடைக்கு முன்னாடியே போனஸ் வந்துடுச்சு, வெர்னாம்மா.”

“சந்தோஷம்தானே? அதுக்கேன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

“போனஸ் வந்துது, சட்டைப்பையில தங்கல. ஒரு கையில கொடுத்தாங்க, மறு கையில ஹாஸ்கின்ஸ் தேர்தலுக்கு நன்கொடைன்னு அட்டையில கையெழுத்து வாங்கிட்டாங்க. நாங்க அதுக்குத் திரும்பிப் போற போனஸ்னு பேர் வச்சிருக்கோம்.”

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னான் ஒருத்தன். இப்ப ராத்திரி ஷிஃப்டுல குதிர் கழுவுறான்.”

கம்பெனி தன் பெயரில் அவ்வளவு கொடுத்தால் ஊர் கேட்கும் அல்லவா? அதனால் வேலைக்காரர்கள் மனமுவந்து கொடுத்ததுபோல். இது சட்டத்துக்கே ஆகாதாம், நம் வழக்கை நடத்தும் வக்கீல் ரூஸ் சொல்கிறார். ஆனால் நிரூபிக்க வழியில்லை. கேட்டால் எல்லோரும், நானாகத்தான் கொடுத்தேன் என்பார்கள். அடுத்த மாத வீட்டுக் கடன் யார் கட்டுவது?

அந்த அட்டைகளை எழுதி அடுக்குகிறவன் யார் என்று வெண்டலைக் கேட்டேன். அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் புரிந்துகொண்டேன். உன் மகன் இரண்டு சனிக்கிழமையாகப் புல் வெட்ட வரவில்லை. நான் எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்து, நானே குடித்தேன்.

நீ அவனிடம் பேசு. அவன் தாய் நீதானே?

வெர்னா


மேசா
20 ஜூலை 1994

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கேலனிடம் பேசினேன். அவன் உன்னை மறக்கவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

இங்கே என் பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் தினமும் ஒரே கழுதைக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் கழுதை பெரிதாகிறது. உனக்கு அவரைப் பிடிக்காது.

ஆமாம், நம் பக்கத்தில் தேர்தல் சமயம் நன்கொடை கொடுத்த வீட்டுக்கு நன்றி சொல்லக் கேக் கொண்டு வருவார்களே, அந்த வழக்கம் இன்னும் இருக்கிறதா? சும்மா கேட்கிறேன். யாராவது வாசலில் வந்து நின்றால் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிடாதே அக்கா. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. வந்தவர் சொல்வதை முழுசாகக் கேள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.
ஆர்டித்


மில்லர்டன்
19 ஆகஸ்ட் 1994

ஆர்டித்,

நலம் விசாரிக்க எனக்கு இன்று நிதானம் இல்லை.

நேற்று மத்தியானம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளைக் கார். பூப்போட்ட கவுன் போட்ட ஒரு அம்மாள், கையில் கேக், அக்குளில் “ஹாஸ்கின்ஸை நீதிபதியாக்குவோம்” என்று எழுதிய பலகை. பெயர் நாடீன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்துக்காரி. நம் ஊர்ச் சாவு வாழ்வு எதுவும் தெரியாது. ஹாஸ்கின்ஸின் ஒன்றுவிட்ட அக்காளாம்.

“கெச்சம் வீடுதானே இது? நான் உங்க வீட்டுக்காரருக்கு நேர்ல நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். வால்நட் கேக். நானே செஞ்சது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாருக்கு நன்றி?”

“ஐயோ, சொல்லாமக் கொள்ளாமக் கொடுத்துட்டாரா? ஆம்பளைங்களே இப்படித்தான்! இருக்கிறதுலயே பெரிய தொகை கொடுத்திருக்காரு உங்க வீட்டுக்காரர். எங்க ட்வைட்டுக்கு கண்ணு கலங்கிடுச்சு.”

“என் வீட்டுக்காரரா?”

“ஸ்ட்ரூப் கம்பெனி ஆளுங்க எல்லாருமே தங்கமானவங்க. ஆனா எல்லாரும் கம்பெனி தபால் பெட்டி நம்பரத்தான் விலாசமாக் கொடுத்திருக்காங்க. ஒருத்தருக்கும் கேக் கொடுக்க வழியில்ல. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் வீட்டு விலாசத்தை, ‘நீல வாசக்கதவு, பேரிக்கா மரம்’னு அடையாளம் வரைக்கும் எழுதியிருந்தாரு. அதான் நேரா வந்துட்டேன். எங்க அவரு, வயல்லயா?”

ஆர்டித், பீன்ஸ் கிண்ணம் என் மடியிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. வாசல் முழுக்கப் பச்சையாகச் சிதறிக் கிடந்தது. அந்த அம்மாள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

“அவரு பேரப் பாத்துட்டு ஆபீஸ்ல நாங்க எல்லாம் ஒரே கூத்து. கோவிச்சுக்காதீங்க! ஆர்வில் ஃப்ளாரன்ஸ் கெச்சம். ஆம்பளைக்கு ஃப்ளாரன்ஸா? நான் சொன்னேன், இவ்ளோ தைரியமா முழுப்பேரையும் எழுதுறவரு நல்ல மனசுக்காரராத்தான் இருக்கணும்னு.”

நான் சொன்னேன்: “என் வீட்டுக்காரர் உங்க தங்கமானவங்களோட குதிருக்குள்ள மூச்சுமுட்டிச் செத்து ரெண்டு வருஷமாகப் போகுது. அந்த வழக்கைத்தான் உங்க தம்பி விசாரிக்கப் போறாரு. ஏம்மா, செத்தவரு எப்படிம்மா நன்கொடை கொடுத்தாரு?”

அவள் கையிலிருந்த பீன்ஸ் மறுபடி விழுந்தது. முகத்தில் ரத்தம் என்ற ஒன்று இல்லை. கேக்கையும் பலகையையும் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் எவ்வளவு அதிர்ந்தாளோ அதைப்போல் நூறு பங்கு நான்.

என் புருஷனைக் கொன்றவர்களுக்கு வேண்டிய நீதிபதியை என் புருஷன் பெயராலேயே வாங்குகிறார்கள். குழியில் கிடப்பவர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள்.

சம்பளப் பட்டியலில் “ஆர்வில் எஃப்.” என்றுதான் இருந்தது. சம்பளக் காசோலை எல்லாம் நான் பார்த்தவள். ஃப்ளாரன்ஸ் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் உயிரோடு இருப்பது மூன்று பேர். நான் எழுதவில்லை. நீ அரிசோனாவில் இருக்கிறாய்.

மூன்றாவது யார் என்று நான் எழுத வேண்டுமா?

வெர்னா


மில்லர்டன்
30 ஆகஸ்ட் 1994

ஆர்டித்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதில் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கேக்கை எடுத்துக்கொண்டு கேலன் வீட்டுக்குப் போனேன். எறும்பு ஏறியிருந்தது, தட்டாமலே கொண்டுபோனேன். அவன் வாசலில் குழந்தையின் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். ரோண்டா, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“இந்தாடா. உங்க பெரியப்பா கொடுத்த நன்கொடைக்கு வந்த கேக். அவரால தின்ன முடியாது. அவரு பேர வித்தவன் நீதானே, நீயே தின்னு.”

அவன் எழுந்து நின்றான். கையெல்லாம் மசகு. “பெரியம்மா, உள்ள வாங்க.”

“உன் வீட்டுக்குள்ள என் செருப்புகூட வராது. உப்புப் போட்டு வளத்தாரேடா அந்த மனுஷன்! வேலியச் சாய்ச்சப்ப ஒரு வார்த்த சொன்னாரா? இப்ப அவரு கல்லறையவே சாய்ச்சுட்டியே!”

ரோண்டா அழ ஆரம்பித்தாள். அவன் அழவில்லை, மறுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு அவன் கேட்டது என்ன தெரியுமா?

“அந்தம்மா சொன்னத எல்லாம் கேட்டீங்களா பெரியம்மா? தபால் பெட்டி நம்பர் விஷயம்? எல்லாத்தையும் வக்கீல் ரூஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?”

திருட்டு எவ்வளவு தூரம் வெளியே போயிருக்கிறது என்று வேவு பார்க்கிறான்! “சொல்லிட்டேன்டா. பத்திரிகைக்காரன்கிட்டயும் சொல்லுவேன். ஷெரீஃப்கிட்டயும் சொல்லுவேன். கர்த்தர்கிட்டயும் சொல்லியாச்சு” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, “நல்லது” என்றான். நல்லது! அந்த ஒரு வார்த்தைக்கே நான் அவன் கன்னத்தில் அறைந்தேன், ஆர்டித். அவனை அடித்ததே இல்லை. பிள்ளையாக இருந்தபோதுகூட.

உன் மகன் எனக்குச் செத்துவிட்டான். அவனுக்கும் யாராவது நன்கொடை அட்டை எழுதட்டும்.

வெர்னா


மேசா
14 செப்டம்பர் 1994

அக்கா,

இரண்டு கடிதமும் கிடைத்தன. எனக்கு உடம்பு பரவாயில்லை.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னாய் அல்லவா? ஒன்றையும் விடாமல்? அந்தப் பலகையைத் தூக்கி எறிந்துவிடாதே.

நீ அறைந்தது எந்தக் கன்னம்?

உன்,
ஆர்டித்


மில்லர்டன்
16 அக்டோபர் 1994

ஆர்டித்,

எந்தக் கன்னம் என்றா கேட்கிறாய்? இடது. போதுமா? புருஷன் பெயரைத் திருட்டுக் கொடுத்தவள் நான், நீ உன் பிள்ளையின் கன்னத்துக்கு அழுகிறாய்.

ஆனால் நடந்ததைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நடப்பதைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள்: “இறந்தவர் நீதிபதிக்கு நன்கொடை.” மாநிலத் தலைநகரத்திலிருந்து இரண்டு விசாரணை அதிகாரிகள் வந்து என் வாசலில் உட்கார்ந்தார்கள். உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா, உங்க குடும்பத்தில் யாராவது சொல்லி வைத்தார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். பீன்ஸ் சிதறியதிலிருந்து சொன்னேன். அதில் சின்னவன் எழுதுவதை நிறுத்திவிட்டு, “இந்தம்மாவுக்கு நடிக்கத் தெரியாது” என்று பெரியவனிடம் முணுமுணுத்தான். என் காதுக்கு வேண்டாததெல்லாம் நன்றாகக் கேட்கும்.

பிறகு ஸ்ட்ரூப் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் நானாகக் கொடுத்தேன் என்று சொல்லலாம். செத்தவன் எப்படிச் சொல்வான்? அந்த ஒரு அட்டைக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதைப் பிடித்து இழுத்ததும் மற்றதெல்லாம் வந்துவிட்டது. முதலில் வாயைத் திறந்தவன் வெண்டல்தான். “வெர்னாம்மா, நான் திரும்பிப் போற போனஸ் கதையச் சொல்லிட்டேன். சொன்னதும் பாரம் எறங்கின லாரி மாதிரி இருக்குது” என்று வேலியில் வந்து சொன்னான். அன்றைக்கு அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன், ஓட்டைச் சட்டியில். நல்ல சட்டி என்னிடம் இல்லையே.

மெர்ல் ஸ்ட்ரூப் என்ன சொன்னான் தெரியுமா? எல்லாம் ஒரு குமாஸ்தாவின் கைத்தப்பாம். அந்தக் குமாஸ்தாவை அன்றே வெளியே அனுப்பிவிட்டானாம். உன் மகன் மேசையைக் காலி செய்துகொண்டு போனதை ஊரே பார்த்தது. என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றே வைத்துக்கொள். அவன் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. அதிகாரிகள் கேட்டவுடன் அவன் ஒரு வக்கீலையும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டானாம். செத்தவர் பெயரை எழுதியது நான்தான், போனஸ் அட்டைகளை எழுதியதும் நான்தான், எழுதச் சொன்னது மெர்ல் ஸ்ட்ரூப் என்று. பயந்தாங்கொள்ளி அப்படிப் பேசுவானா?

இன்னொன்றும் சொல்கிறேன். என் படிப்பு ஆறாம் வகுப்பு, ஆனால் என் ஞாபகத்துக்குத் துரு ஏறவில்லை. ஜூலையில் நீ எழுதினாய்: கேக் கொண்டு வருவார்களே, கதவைச் சாத்தாதே, முழுசாகக் கேள் என்று. கேக் வந்தது ஆகஸ்டில்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. என் தங்கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. என் தலையில் இடி விழப்போகிறது என்று தெரிந்து, கழுதைக் கதை எழுதிக்கொண்டிருந்தாய்.

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

வெர்னா கெச்சம்


மேசா
20 நவம்பர் 1994

அக்கா,

இதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தேர்தல் முடியும்வரை, வழக்கு வேறு கைக்கு மாறும்வரை வாய் திறக்கமாட்டேன் என்று கேலனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வக்கீல் ரூஸ் சொல்லி உனக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். ஹாஸ்கின்ஸ் ஜெயித்துவிட்டான், ஆனால் ஆர்வில் அத்தானின் வழக்கை அவன் தொடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. வடக்கே எங்கிருந்தோ ஒரு பெண் நீதிபதி வருகிறார். ஸ்ட்ரூப்பை அவருக்கு யாரென்றே தெரியாது. இனி எழுதலாம்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேலன் பேசினான். குரலே அவனுடையதாக இல்லை. “அம்மா, அட்டை எல்லாம் என் கையாலதான் எழுத வைக்கிறாங்க. பெரியப்பா கேசைக் கேக்கப்போற நீதிபதிய நான் என் கையாலயே செஞ்சுக்கிட்டிருக்கேன்” என்றான்.

“போய் உங்க பெரியம்மாகிட்ட சொல்லு” என்றேன்.

“சொன்னா? தங்கச்சி மகன் பெரியம்மா கேசுக்காகப் பொய் சொல்றான்னு மெர்ல் சிரிப்பாரு. அம்பது பேரும் நானாக் கொடுத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. உயிரோட இருக்கிற யாரும் வாயத் தெறக்க மாட்டாங்கம்மா. செத்த ஆளத்தான் பேச வைக்கணும்.”

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னான்: அட்டைக் கட்டின் நடுவில் ஒரு அட்டை அத்தான் பெயரில் செருகப்போகிறேன். தபால் பெட்டி நம்பர் போடாமல் வீட்டு விலாசம் எழுதுவேன். அந்த நாடீன் கேக்கோடு வராமல் இருக்கமாட்டாள். எழுதினது நான்தான் என்று பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டும், அதனால் ஃப்ளாரன்ஸ் என்று முழுசாக எழுதுவேன் என்று. பெரியம்மாவுக்குத் தெரிந்தால் என்னை விடமாட்டார், ஊரையே எழுப்பிவிடுவார் என்றான். சிரித்தான்கூட.

நான் மன்றாடினேன் அக்கா. அவளிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவள் நெஞ்சு தாங்காது என்றேன். அவன் ஒரே பிடியாக மறுத்துவிட்டான். “பெரியம்மா முகத்துல பொய் நிக்காதும்மா. நாளைக்குச் சத்தியம் வாங்கிக் கேப்பாங்க, உனக்கு முன்னாடியே தெரியுமான்னு. தெரியாதுன்னு அவங்க சொல்றது உண்மையா இருக்கணும். அவங்க நெசமாவே அதிரணும்.”

நீ நிஜமாகவே அதிர்ந்தாய். அந்த அதிகாரி சொன்னானே, இந்தம்மாவுக்கு நடிக்கத் தெரியாது என்று. அதற்காகத்தான் நான் ஊமையாக இருந்தேன். கழுதைக் கதையை எழுதும் முன்னால் எத்தனை காகிதத்தைக் கிழித்துப் போட்டேன் என்று உனக்குத் தெரியாது.

கன்னத்தில் நீ அறைந்த அன்றும் பேசினான். “பெரியம்மா எல்லாத்தையும் வக்கீல்கிட்ட சொல்லிட்டாங்கம்மா, இனி பயமில்ல” என்றான். அறைந்ததைச் சொல்லவில்லை. உன் கடிதத்தில்தான் படித்தேன்.

அவனுக்குச் சிறை இருக்காதாம். அபராதம், ஒரு வருஷம் கண்காணிப்பு. ஆனால் அந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் இனி அவனை உள்ளே விடாது. வீடு போகிறது. குழந்தைகளின் பள்ளி முடிந்ததும் இங்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் உன் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தைரியம் இல்லை.

சட்டியைத் துணியில் சுற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
ஆர்டித்


மில்லர்டன்
4 டிசம்பர் 1994

கேலனுக்கு,

நீ நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாய். ஆனால் நேரில் என்றால் எனக்கு வார்த்தை வராது, கைதான் முதலில் வரும். அதனால் தபாலில் போடுகிறேன். ரோண்டாவும் பிள்ளைகளும் சுகமா? இடது கன்னம் சுகமா?

உன் அம்மா எழுதியதைப் படித்தேன். பீன்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். அன்று கிண்ணம் விழுந்தது. இன்று விழ என் மடியில் ஒன்றும் இல்லை, நானே விழாமல் இருந்தது பெரிசு. இரண்டு அதிர்ச்சியையும் ஒரே வருஷத்தில் ஒரே ஆள் கையால் கொடுத்திருக்கிறாய். இந்த வயசுக்காரிக்கு.

உன் பெரியப்பா இருந்திருந்தால் வேலி சாய்ந்த அன்று சிரித்தாரே, அப்படிச் சிரித்திருப்பார். நான் அவர் இல்லை. எனக்கு மன்னிக்க வராது என்று எல்லோருக்கும் தெரியும். உன் அம்மா ஒரு சட்டியை அனுப்பிவிட்டு நாற்பது வருஷக் கணக்கை முடித்துவிடலாம் என்று நினைக்கிறாள். அடிப்பக்கத்தைக் கீறி வைத்திருக்கிறாள், அதையும் பார்த்துவிட்டேன்.

நேற்று கல்லறைக்குப் போனேன். பத்திரிகையில் முழுப்பெயரும் வந்துவிட்டதால் அங்கே பனி பெருக்குகிற கிழவன் தொப்பியை எடுத்துவிட்டு, “ஃப்ளாரன்ஸுக்கு வணக்கம்” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னான். வெண்டல் சொல்கிறான், தானியம் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இப்போது அவரை அப்படித்தான் சொல்கிறார்களாம், ஒருத்தருக்கொருத்தர் தோளில் தட்டிக்கொண்டு. ஃப்ளாரன்ஸ் மட்டும் வாயத் தெறக்கலன்னா நாம யாரும் தெறந்திருக்க மாட்டோம் என்று. பட்டாளத்திலேயே மறைத்த பெயர் அது. என்னை நம்பித்தான் செத்தார்.

மற்றதை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். அதை மட்டும் நான் உயிரோடு இருக்கும்வரை மன்னிக்க மாட்டேன்.

சனிக்கிழமை வா. புல் இல்லை, பனிதான். வாரித் தள்ள ஆள் இல்லை. பின்கதவு திறந்தே இருக்கும். சட்டியில் சோள ரொட்டி சுட்டு வைக்கிறேன். ஜனவரியில் கோர்ட்டுக்கு யார் காரில் போவது என்று பேச வேண்டும். அந்த நீதிபதி அம்மாள் சொல்வதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பக்கூடாது. என் நல்ல காது பக்கத்தில் நீ உட்கார வேண்டும்.

உன் பெரியம்மா
வெர்னா